சுவிட்சர்லாந்துக்கு யார் வந்தார்கள், யாரைத் தங்க விட்டார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் உறவினர்கள் ஒன்று கேட்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வேறொன்று கேட்கிறார்கள். கணினி வேலைக்காகச் சென்னையிலிருந்து சூரிச் வந்திறங்கும் நண்பர்களுக்கு வேறு சந்தேகங்கள். பேர்ண் மாநிலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்ட நான் எல்லோருக்கும் வாயால் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. இதில் சட்ட ஆலோசனை கிடையாது. அதற்கு வழக்கறிஞரிடம் போங்கள்.

சுவிஸ் பணக்கார நாடு. அங்கே எப்போதுமே வெளியாட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்களா?

இல்லை. பல நூற்றாண்டுகள் இங்கிருந்து ஆட்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். மலையும் பனியும் சூழ்ந்த நிலம். விளைச்சல் குறைவு, பிள்ளைகள் அதிகம். வீட்டின் இளைய மகன்கள் பிரெஞ்சு மன்னர்களின் படையில் கூலிப்படையாகச் சேர்ந்தார்கள். வத்திக்கானில் போப்பாண்டவருக்குக் காவல் நிற்கும் வண்ண உடை வீரர்கள் அந்தத் தொழிலின் மிச்சம்.

1815-ல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வராமல் போனபோது இங்கே பஞ்சம் வந்தது. 1819-ல் ஏறத்தாழ 2,000 பேர் பிரேசிலுக்குக் கப்பலேறினார்கள். வழியிலேயே நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள்; மீந்தவர்கள் நோவா ஃப்ரிபூர்கோ என்ற ஊரை எழுப்பினார்கள். 1845-ல் கிளாருஸ் மாநிலத்து ஏழைகள் அமெரிக்காவில் நியூ கிளாருஸ் என்ற ஊரை உண்டாக்கினார்கள். சில ஊராட்சிகள் தங்கள் ஏழைகளுக்குத் தாங்களே கப்பல் கூலி கொடுத்து அனுப்பி வைத்தன. அன்பால் கொடுத்த பணம் என்று நினைக்க வேண்டாம். ஊரில் வைத்துச் சோறு போடுவதைவிடக் கப்பல் கூலி மலிவாக இருந்தது.

‘பொருளாதார அகதி’ என்று இங்கே யாராவது முகம் சுளித்துச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தக் கப்பல்கள் நினைவுக்கு வரும். வருவோர் எண்ணிக்கை போவோர் எண்ணிக்கையை மிஞ்சியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான். இன்றும் எட்டு லட்சத்துக்கும் அதிகமான சுவிஸ் குடிமக்கள் வெளிநாடுகளில் வாழ்கிறார்கள்.

முதலில் வந்தவர்கள் யார்?

ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர், ஆஸ்திரியர் என அண்டை நாட்டவர் வந்துபோய்க் கொண்டிருந்தார்கள். ஆனால் கூட்டம் கூட்டமாக, தொழிலாளியாக வந்தவர்கள் இத்தாலியர்கள். அவர்களை வரவழைத்தது ரயில் பாதை. ஆல்ப்ஸ் மலையைத் துளைத்துச் செல்லும் கொத்தார்ட் சுரங்கத்தை 1872 முதல் 1882 வரை தோண்டினார்கள். 15 கிலோமீட்டர் நீளம். உள்ளே வெடிமருந்துப் புகை, முழங்கால் வரை வெந்நீர், காற்றோட்டம் கிடையாது. நம் ஊர் வயல்களில் வெறுங்காலோடு நடப்பவர்களைப் பிடிக்கும் கொக்கிப்புழு, இந்தச் சுரங்கத் தொழிலாளரின் இரத்தத்தைக் குடித்து அவர்களைச் சோகை நோயில் தள்ளியது.

1875-ல் கோஷெனென் என்ற ஊரில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது கொஞ்சம் கூடுதல் கூலியும் கொஞ்சம் காற்றும். படையினர் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். பணியை ஒப்பந்தம் எடுத்த லூயி ஃபாவ்ர் என்பவரும் 1879-ல் அதே சுரங்கத்துக்குள் மயங்கி விழுந்து இறந்தார். இத்தாலிக்கு ரயிலில் போகும்போது பழைய கொத்தார்ட் பாதை வழியாகப் போய்ப் பாருங்கள். பத்து நிமிட இருட்டு அது.

கூலி வேலைக்கு வந்தவர்கள்மேல் உள்ளூர்த் தொழிலாளருக்கு எரிச்சல் இருந்தது. 1893-ல் பேர்ண் நகரிலும், 1896-ல் சூரிச்சின் ஆவுசர்சீல் பகுதியிலும் இத்தாலியருக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. 1910 கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் ஏறத்தாழ 15 சதவீதம் வெளிநாட்டவர். அப்போது விசா என்ற பேச்சே இல்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரலாம், வேலை செய்யலாம்.

அந்தக் கதவு எப்போது மூடியது?

முதல் உலகப் போரின்போது. 1917-ல் ‘அந்நியர் காவல்’ என்ற மத்திய அலுவலகம் பிறந்தது. அதன் கூடவே ஒரு சொல்லும் வளர்ந்தது: ஊபர்ஃப்ரெம்டுங். அந்நியர் பெருகி நாடு தன் முகத்தையே இழந்துவிடும் என்ற அச்சம் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. 1931-ல் இயற்றிய சட்டம் அந்த அச்சத்தை அரசின் கொள்கையாகவே எழுதி வைத்தது. வந்தவருக்கு அனுமதி கொடுக்கும்போது ‘அந்நியர் மிகுதி எந்த அளவில் இருக்கிறது’ என்று அதிகாரி பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டம் திருத்தங்களோடு இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை உயிரோடு இருந்தது.

நடுநிலை நாடு இரண்டாம் உலகப் போரில் யூதர்களைக் காப்பாற்றியதாகப் படித்தேனே?

பாதி உண்மை. பலருக்கு அடைக்கலம் கிடைத்தது, ஆயிரக்கணக்கானோர் எல்லையிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஜெர்மன் யூதர்களின் கடவுச்சீட்டில் சிவப்பு ‘ஜே’ முத்திரை குத்தும் ஏற்பாடு 1938-ல் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் பேசி வந்த முடிவு. யார் யூதர் என்று எல்லைக் காவலர் ஒரே பார்வையில் அறிய அது உதவியது. 1942 ஆகஸ்டில் எல்லை மூடப்பட்டது. நாட்டை ஏற்கெனவே நிறைந்துவிட்ட சிறிய உயிர்காப்புப் படகுக்கு ஒப்பிட்டுப் பேசினார் நீதித்துறை அமைச்சர் எடுவார்ட் ஃபான் ஷ்டைகர். ‘படகு நிறைந்துவிட்டது’ என்ற தொடர் இன்றும் இங்கே அரசியல் மேடைகளில் கேட்கும்.

இன்னொருவர் பெயரையும் சொல்ல வேண்டும். செயின்ட் காலன் மாநிலக் காவல் தலைவர் பவுல் க்ரூனிங்கர், நுழைந்த தேதியை மாற்றி எழுதி நூற்றுக்கணக்கான யூதர்களை உள்ளே விட்டார். 1939-ல் வேலை பறிபோனது, 1940-ல் நீதிமன்றம் தண்டித்தது, 1972-ல் வறுமையிலேயே இறந்தார். அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது 1995-ல். அதே ஆண்டு அந்த முத்திரைக்காக நாட்டின் அதிபர் மன்னிப்புக் கேட்டார்.

‘பருவத் தொழிலாளி’ என்றால் என்ன? பழைய இத்தாலியர்கள் அதைச் சொல்லும்போதே குரல் மாறுகிறதே?

மாறத்தான் செய்யும். இந்த நாட்டின் குடியேற்ற வரலாற்றில் ஒரே ஒரு அத்தியாயத்தைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

போர் முடிந்தபோது சுற்றிலும் எல்லாம் இடிந்து கிடந்தன. சுவிஸ் தொழிற்சாலைகள் மட்டும் முழுசாக நின்றன. ஆள் போதவில்லை. 1948-ல் இத்தாலியோடு ஒப்பந்தம் போட்டு ஆள் சேர்த்தார்கள். கட்டடம், சாலை, ஓட்டல், வயல் ஆகிய வேலைகளுக்கு வந்தவர்களுக்கு ‘ஏ’ அனுமதி கிடைத்தது. அதன் விதிகள் இவை: ஆண்டுக்கு ஒன்பது மாதம் வேலை, பிறகு மூன்று மாதம் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும், முதலாளியை மாற்றக் கூடாது, வீடு வாடகைக்கு எடுக்க முடியாது, மரப் பலகைக் குடில்களில் தங்க வேண்டும், மனைவி மக்களை அழைத்து வரக் கூடாது. எல்லை ரயில் நிலையங்களான கியாஸோவிலும் பிரிக்கிலும் ரயில் நின்றதும் ஆண்களை வரிசையாகச் சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சுப் படம் எடுத்து, காசநோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து முழுப் பருவமும் வேலை செய்தால் ஆண்டு அனுமதிக்கு மாறலாம் என்று ஒரு வழி இருந்தது. பருவம் சில நாட்கள் முன்னதாக முடிந்துவிட்டால் அந்த ஆண்டு கணக்கில் சேராது. அது எப்போது முடியும் என்பது முதலாளியின் கையில் இருந்தது.

கணவன் மனைவி இருவரும் பருவத் தொழிலாளிகளாக வந்தால் பிள்ளைகள்? ஊரில் பாட்டியிடம் விட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தோமோதோசோலா போன்ற ஊர்களில் விடுதிகளில் விட்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தார்கள். மனம் கேட்காதவர்கள் ஒளித்துக் கொண்டுவந்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு இங்கே ‘அலமாரிப் பிள்ளைகள்’ என்று பெயர். காலையில் பெற்றோர் வேலைக்குப் போனதும் கதவைப் பூட்டிக்கொண்டு, சத்தம் போடாமல், தண்ணீர்க் குழாயைத் திறக்காமல், ஜன்னல் பக்கம் போகாமல் மாலை வரை இருக்க வேண்டும். அண்டை வீட்டார் அந்நியர் காவலுக்குச் சொல்லிவிட்டால் பிள்ளையும் போகும், பெற்றோரின் அனுமதியும் போகும். அப்படி வாழ்ந்த பிள்ளைகள் பல ஆயிரம். அவர்களில் பலர் இன்று அறுபது வயதைத் தாண்டியவர்கள். கதவு மணி அடித்தால் இன்றும் ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொள்வதாக அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்.

இந்த ‘ஏ’ அனுமதி ஒழிந்தது 2002-ல். எழுத்துப் பிழை இல்லை, இரண்டாயிரத்து இரண்டுதான். இரு பக்கத்து மக்களும் அங்குமிங்கும் போய் வாழ்ந்து வேலை செய்ய வழிவிடும் ‘ஆட்கள் சுதந்திர நடமாட்ட ஒப்பந்தம்’, ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்துகொண்டது, அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது.

மாட்மார்க் என்று ஒரு பெயர் அடிக்கடி வருகிறது. அது என்ன?

வலே மாநிலத்தில் ஓர் அணை. 1965 ஆகஸ்ட் 30 மாலை, மேலே இருந்த அல்லாலின் பனியாற்றின் நாக்கு உடைந்து இருபது லட்சம் கன மீட்டர் பனியும் பாறையும் கீழே விழுந்தன. அது விழும் பாதையிலேயே தொழிலாளரின் குடில்களையும் உணவகத்தையும் கட்டியிருந்தார்கள். 88 பேர் இறந்தார்கள். அவர்களில் 56 பேர் இத்தாலியர், 23 பேர் சுவிஸ் நாட்டவர்.

வழக்கு ஏழு ஆண்டுகள் நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட 17 பேரும் 1972-ல் விடுதலையானார்கள். பனி விழும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்றது நீதிமன்றம். மேல்முறையீடு செய்த குடும்பங்கள் அதிலும் தோற்று, வழக்குச் செலவில் பாதியையும் கட்ட வேண்டியதாயிற்று. இந்த நாட்டின் நீர்மின்சாரத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது யாரும் மாட்மார்க்கைச் சொல்வதில்லை. எங்கள் வீட்டு விளக்கு எரிவதும் அதுபோன்ற அணைகளின் மின்சாரத்தில்தான்.

வெளிநாட்டவரை வெளியேற்ற மக்களே வாக்களித்தார்களாமே?

நெருங்கி வந்தார்கள். ஒரு லட்சம் கையெழுத்து சேர்த்தால் அரசியல் சட்டத்தை மாற்றக் கோரி நாட்டையே வாக்கெடுப்புக்கு அழைக்கலாம் என்பது இங்கே விதி. (அன்று ஐம்பதாயிரமே போதும்.) ஜேம்ஸ் ஷ்வார்ட்சன்பாக் என்பவர் ஒரு கோரிக்கையைக் கொண்டுவந்தார். எந்த மாநிலத்திலும் வெளிநாட்டவர் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஜெனீவாவில் மட்டும் 25 சதவீதம் வரை இருக்கலாம் என்றது அது. நிறைவேறியிருந்தால் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் பெட்டி கட்டியிருக்க வேண்டும். 1970 ஜூன் 7 அன்று நடந்த வாக்கெடுப்பில் வாக்காளரில் முக்கால்வாசிப் பேர் வந்தார்கள். 54 சதவீதம் வேண்டாம், 46 சதவீதம் வேண்டும்.

இதில் ஒரு சேதி. வாக்களித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். சுவிஸ் பெண்களுக்கே மத்திய அளவில் வாக்குரிமை கிடைத்தது 1971 பிப்ரவரியில்தான். வெளிநாட்டவர் நாட்டைக் கெடுக்கிறார்களா என்று தீர்மானித்தவர்கள், தங்கள் மனைவியின் கருத்தைக் கூடப் பெட்டிக்குள் போட விடாதவர்கள்.

ஷ்வார்ட்சன்பாக் தோற்றார். அடுத்து வந்த 1973 எண்ணெய் நெருக்கடி அவர் வேலையைச் சத்தமில்லாமல் செய்து முடித்தது. வேலை போன இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் திரும்பிப் போனார்கள். வேலையின்மைக் காப்பீடு அப்போது கட்டாயமில்லை. பெரும்பாலோரிடம் அது இல்லை. அதனால் சுவிஸ் புள்ளிவிவரத்தில் வேலையின்மை பெரிதாக ஏறவே இல்லை. அதைப் பெட்டியில் வைத்து நேப்பிள்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்போதிருந்து வாக்கெடுப்பு ஓய்ந்ததா?

இல்லை. பள்ளிவாசல் கோபுரத் தடை 2009-ல் 57.5 சதவீதத்தோடு வென்றது. குற்றம் செய்த வெளிநாட்டவரை நாடுகடத்தும் கோரிக்கை 2010-ல் வென்றது. அதையே இன்னும் கடுமையாக்கும் கோரிக்கை 2016-ல் தோற்றது. ‘பெருந்திரள் குடியேற்றத்துக்கு எதிராக’ என்ற சுவிஸ் மக்கள் கட்சியின் கோரிக்கை 2014 பிப்ரவரி 9 அன்று 50.3 சதவீதத்தில் வென்றது. பிறகு நாடாளுமன்றம் அதை நீர்க்கச் செய்தது. வேலையின்மை அதிகமுள்ள தொழில்களில் காலியிடத்தை முதலில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பதோடு முடிந்தது. 2020-ல் சுதந்திர நடமாட்டத்தையே ரத்து செய்யக் கேட்டார்கள், 61.7 சதவீதம் பேர் மறுத்தார்கள்.

பொதுவாக, வெளிநாட்டவர் அதிகம் வாழும் பெருநகரங்கள் இந்தக் கோரிக்கைகளை மறுக்கின்றன. அவர்களை அரிதாகப் பார்க்கும் கிராமங்கள் ஆதரிக்கின்றன. விதிவிலக்கு டிச்சினோ மாநிலம்: தினமும் இத்தாலியிலிருந்து பல்லாயிரம் பேர் எல்லை தாண்டி வேலைக்கு வருவதால் கூலி குறைகிறது என்ற கோபம் அங்கே நிஜமானது. அதை வெறும் இனவெறி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

நம்மவர்கள் எப்போது வந்தார்கள்?

1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு. அதற்கு முன்பே ஹங்கேரியர் (1956), திபெத்தியர் (1960-கள்), செக்கோஸ்லோவாக்கியர் (1968) ஆகியோரை இந்த நாடு வரவேற்றிருந்தது. அவர்கள் கம்யூனிசத்திலிருந்து தப்பி வந்தவர்கள். பனிப்போர்க் காலத்தில் அதற்கு மரியாதை இருந்தது. நாங்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. இளம் ஆண்கள், கறுப்பு நிறம், பெரும்பாலும் தனியாக. எந்தப் போரிலிருந்து வருகிறோம் என்று யாருக்கும் தெரியாது.

பதுங்கு குழிகளிலும் கூட்டு விடுதிகளிலும் தங்க வைத்தார்கள். வேலை கிடைத்தபோது அது உணவகச் சமையலறையில் தட்டுக் கழுவும் வேலையாக இருந்தது. பெரும்பாலோருக்கு அகதி அந்தஸ்து கிடைக்கவில்லை. தற்காலிக அனுமதியிலும் பின்னர் மனிதாபிமான அடிப்படையிலும் ஆண்டுகள் ஓடின. கடிதப் பெட்டியைத் திறக்கும்போது கை நடுங்கும் பழக்கம் எங்கள் தலைமுறைக்கு அப்படித்தான் வந்தது. 1989 ஜூலையில் கூர் நகரில் தமிழ் அகதிகள் இருந்த வீடு தீப்பற்றி நான்கு பேர் இறந்தார்கள். அந்தக் காலத்தில் இரவில் ரயில் நிலையத்தில் தனியாக நிற்கப் பயந்தவர்களில் நானும் ஒருவன்.

இலங்கைக்குத் திருப்பி அனுப்புவது பற்றி இரு அரசுகளும் 1994-ல் ஒப்பந்தம் செய்தன. போர் முடிந்த பிறகும் ஆபத்து முடியவில்லை. 2013-ல் திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு தமிழர்கள் அங்கே கைதானதும், இலங்கைக்கு ஆட்களை அனுப்புவதைச் சுவிஸ் அரசு தற்காலிகமாக நிறுத்தியது.

இன்று இலங்கைப் பின்னணி கொண்டோர் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் இங்கே வாழ்கிறார்கள். சூரிச்சை அடுத்த அட்லிஸ்வில்லில் முருகன் கோவில் இருக்கிறது. பேர்ணில் 2014 டிசம்பரில் திறந்த சமயங்களின் இல்லத்தில், ஒரே கூரையின் கீழ் பள்ளிவாசல், தேவாலயம், புத்த விகாரை ஆகியவற்றோடு சைவக் கோவிலும் உண்டு. அங்கே பெண்களும் பூசை செய்கிறார்கள். ஐன்சீடெல்ன் மடத்துக் கறுப்பு மாதாவையும் மாரியாஸ்டைன் மாதாவையும் கும்பிட நம் கத்தோலிக்கரோடு சைவர்களும் போகிறார்கள். இலங்கையில் மடு மாதாவிடம் போய்ப் பழகியவர்களுக்கு இதில் புதுமை இல்லை.

அப்படியானால் தமிழர்கள் ‘நல்ல அகதிகள்’ என்ற பெயர் எடுத்துவிட்டோம், இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். அந்தப் பெயரை நாங்கள் சம்பாதித்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். நடந்தது வேறு. 1990-களில் யூகோஸ்லாவியப் போரிலிருந்து கொசோவோ அல்பேனியர்கள் வந்தார்கள். பத்திரிகைகள் எங்களை விட்டுவிட்டு அவர்கள் பக்கம் திரும்பின. அவர்களுக்குப் பிறகு எரித்ரியர்கள் வந்தார்கள், அதன்பின் ஆப்கானியர்கள். ஒரு காலத்தில் ‘சிங்க்’ என்று ஏசப்பட்டவர்கள் இத்தாலியர். (அவர்கள் விளையாடும் மோரா ஆட்டத்தில் ‘சிங்க்வே’, அதாவது ‘ஐந்து’ என்று கத்துவார்கள், அதிலிருந்து வந்த வசைச் சொல்.) இன்று அவர்களுடைய காப்பி இல்லாமல் சுவிஸ்காரருக்குப் பொழுது விடியாது. வரிசையில் பின்னால் ஒருவர் வந்து நின்றதும் முன்னால் இருப்பவர் மரியாதைக்குரியவர் ஆகிவிடுகிறார்.

‘இப்போது வருகிறவர்கள் எல்லாம் சோம்பேறிகள், நாங்கள் உழைத்து முன்னேறினோம்’ என்று கோவில் வாசலில் நின்று பேசும் நம்மவர்களை நான் கேட்டிருக்கிறேன். 1985-ல் எங்களைப் பற்றி எழுதப்பட்டதை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிச் சொல்கிறார்கள்.

கால்பந்து அணியில் பாதிப் பேர் வெளிநாட்டுப் பெயர்களாக இருக்கிறதே?

ஆம், வெற்றி பெறும்போது அவர்கள் சுவிஸ்காரர்கள். 2018 உலகக் கோப்பையில் செர்பியாவுக்கு எதிராக கோல் அடித்த க்ரானிட் ஜாக்காவும் செர்தான் ஷாகிரியும் இரட்டைத் தலைக் கழுகுச் சைகை காட்டினார்கள். அது அல்பேனியக் கொடியின் சின்னம். அன்று 2-1 என்று நாடு வென்றது. ஆனாலும் அடுத்த பல நாட்கள் அவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்றுதான் விவாதம் நடந்தது.

பி, சி, எஃப், என், எஸ்: இந்த எழுத்துகளெல்லாம் என்ன?

கையில் இருக்கும் அட்டையின் எழுத்து. ‘என்’ என்றால் புகலிடத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர். எஃப் என்றால் ‘தற்காலிகமாக ஏற்கப்பட்டவர்’: அகதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் திருப்பி அனுப்பவும் முடியவில்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் ‘தற்காலிகமாக’ இருப்பவர்கள் உண்டு. பி ஆண்டு அனுமதி, சி நிரந்தர வதிவிடம். ஜி, எல்லை தாண்டி வேலைக்கு வந்து வீடு திரும்புவோருக்கு. அவர்கள் நான்கு லட்சம் அளவில் இருக்கிறார்கள். எஸ் என்பது 1990-களில் சட்டத்தில் எழுதப்பட்டு, யாருக்கும் கொடுக்கப்படாமல் கிடந்து, 2022 மார்ச்சில் உக்ரைனியர்களுக்காக முதல்முறை எடுக்கப்பட்டது. தனித்தனி விசாரணை இல்லை, உடனே வேலை செய்யலாம், பயணம் போகலாம். உக்ரைனியருக்குக் கிடைத்ததில் எனக்குப் பொறாமை இல்லை. சிரியாவிலிருந்து வந்து எஃப் அட்டையோடு இருப்பவர், தாயின் இறுதிச் சடங்குக்கு அண்டை நாட்டுக்குப் போக அனுமதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தை அருகிலிருந்து பார்த்தவனுக்குக் கேள்வி எழாமல் இருக்காது.

சி கிடைத்துவிட்டால் கவலை இல்லை என்று நினைக்காதீர்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, ஒருங்கிணைவு போதாது என்று கருதினால் சி அட்டையை பி-யாகக் குறைக்கலாம். சமூக உதவிப் பணத்தில் நீண்டகாலம் வாழ்ந்தால் அனுமதியே போகலாம். அதனால் உரிமை இருந்தும் உதவி கேட்காமல் கடன் வாங்கிக் காலம் தள்ளும் குடும்பங்கள் பல.

இப்போது வந்து புகலிடம் கேட்க முடியுமா?

சுவிஸ் மண்ணிலோ எல்லையிலோ வந்துதான் கேட்க முடியும். முன்பு கொழும்பிலுள்ள சுவிஸ் தூதரகத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவில் அந்த வழியைக் கடைசிவரை வைத்திருந்த நாடு இது. நம்மவர் பலர் அப்படி வந்தார்கள். 2012 செப்டம்பரில் அந்தக் கதவை அடைத்தார்கள். மறு ஆண்டு வாக்கெடுப்பில் மக்களும் ஒப்புக்கொண்டார்கள். அடைத்ததால் வருவது நிற்கவில்லை, முகவரிடம் கொடுக்கும் பணம்தான் கூடியது.

2019 மார்ச் முதல் விசாரணை வேகமாக நடக்கிறது. மத்திய மையங்களில் வைத்து, இலவச வழக்கறிஞர் துணையோடு, பெரும்பாலான வழக்குகளை 140 நாட்களுக்குள் முடிக்கப் பார்க்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் காத்திருந்த எங்களுக்கு இது நல்ல மாற்றமாகத் தெரிகிறது. சித்திரவதை அனுபவித்தவர் அதைப் பேச வாய் திறப்பதற்கு 140 நாள் போதுமா என்பது வேறு விஷயம்.

வேலை விசாவில் வர விரும்பும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஐரோப்பிய சுதந்திர வணிக அமைப்புக்கும் வெளியே உள்ள நாடுகளுக்கென்று ஆண்டு ஒதுக்கீடு அண்மைக் காலத்தில் 8,500 இடங்கள். உயர் திறன் வேண்டும், ஐரோப்பாவில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி காட்டவும் வேண்டும்.

தாள் எதுவுமே இல்லாதவர்கள்?

வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு, கட்டடம். அவர்கள் இல்லாவிட்டால் பல வீடுகளில் தரை துடைக்க ஆளிருக்காது. ஜெனீவா மாநிலம் 2017, 2018-ல் ‘பாப்பிரஸ்’ என்ற திட்டத்தில் ஏறத்தாழ 2,400 பேருக்கு முறையான அனுமதி கொடுத்தது. வானம் இடிந்து விழவில்லை. மற்ற மாநிலங்கள் பின்பற்றவும் இல்லை.

‘பத்து மில்லியன்’ என்று இப்போது பேசுகிறார்களே, அது என்ன?

2024-ல் மக்கள்தொகை 90 லட்சத்தைத் தாண்டியது. அதில் வெளிநாட்டுக் குடிமக்கள் 27 சதவீதம் அளவில். 2050-க்கு முன் ஒரு கோடியைத் தாண்டக் கூடாது என்று சுவிஸ் மக்கள் கட்சி 2024 ஏப்ரலில் கையெழுத்துகளைச் சமர்ப்பித்தது. 95 லட்சத்தைத் தொட்டதுமே புகலிடத்தையும் குடும்ப இணைப்பையும் இறுக்க வேண்டும். கடைசியில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு உள்ள நடமாட்ட ஒப்பந்தத்தையே முறிக்க வேண்டும் என்கிறது கோரிக்கை.

நெரிசல் பொய்யில்லை. சூரிச்சில் ஒரு வாடகை வீட்டைப் பார்க்க மாடிப்படி வழியே தெரு வரை வரிசை நிற்கும். காலை ரயிலில் இடம் கிடைக்காது. ஆனால் வீடு கட்ட அனுமதிக்கு எதிராக வழக்குப் போடுவது யார் என்று பார்த்தால், அங்கே வெளிநாட்டவர் பெயர் அவ்வளவாக இருக்காது. மருத்துவர்களில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் வெளிநாட்டில் படித்தவர்கள். குழந்தை பிறப்பு குறைகிறது, போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை ஓய்வு பெறுகிறது. முதியோர் இல்லத்தில் இரவுப் பணிக்கு யார் வருவார்கள் என்ற கேள்வியைக் கோரிக்கை எழுதியவர்கள் தொடுவதில்லை.

குடியுரிமை இல்லாமல் வாக்களிக்கவே முடியாதா?

சில இடங்களில் முடியும். நுஷாத்தேல் மாநிலத்தில் வெளிநாட்டவர் உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1849-லேயே வந்தது. ஜூரா மாநிலமும் கொடுத்திருக்கிறது. பிரெஞ்சு பேசும் பகுதியில் இது பரவலாக உண்டு. ஜெர்மன் பேசும் பகுதியில் மிக அரிது.

இங்கேயே பிறந்த என் பிள்ளை ஏன் சுவிஸ் குடிமகன் இல்லை?

மண்ணில் பிறந்ததால் குடியுரிமை என்ற வழக்கம் இங்கே கிடையாது. பத்து ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும் (எட்டு முதல் பதினெட்டு வயதுவரை வாழ்ந்த ஆண்டுகள் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும்), 2018 முதல் சி அட்டையும் கட்டாயம். விண்ணப்பித்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் சமூக உதவி வாங்கியிருந்தால் அதைத் திருப்பிக் கட்டியிருக்க வேண்டும். மத்திய அரசு, மாநிலம், ஊராட்சி என மூன்று படிகளும் சம்மதிக்க வேண்டும். கடினமான படி ஊராட்சிதான்.

லூசர்ன் மாநிலத்து எம்மென் என்ற ஊரில் விண்ணப்பதாரர்களின் விவரங்களை வாக்காளர் வீடுகளுக்கு அனுப்பி, வாக்குப்பெட்டியில் முடிவெடுத்தார்கள். 2000 மார்ச்சில் அப்படி நின்ற 56 பேரில் தேறியவர்கள் எட்டுப் பேர்; எல்லோரும் இத்தாலியர். யூகோஸ்லாவியப் பெயர் கொண்டவர்கள் விழுந்தார்கள். காரணம் சொல்லாமல் மறுப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2003-ல் தீர்ப்பளித்து அதை நிறுத்தியது. 2017-ல் மூன்றாம் தலைமுறைக்கு எளிய வழி ஒன்றை 60 சதவீத வாக்காளர் ஏற்றார்கள். உங்கள் பேரப்பிள்ளைக்கு அது உதவலாம்.

இப்போது மறுப்புக்குக் காரணம் எழுதித் தர வேண்டும். ஆகவே காரணம் கிடைக்கும் வகையில் கேள்வி கேட்கும் ஊர்கள் உண்டு. என் மகள் இந்த ஊர் மருத்துவமனையில் பிறந்தவள், இந்த ஊர்ப் பேச்சு மொழியில்தான் கனவு காண்பதாகச் சொல்வாள். அவளுடைய நேர்காணலில் எங்கள் பக்கத்து மலையின் பெயர், ஊர்ச் சங்கங்கள், பழைய பாலாடைக்கட்டிச் சாலை இருந்த தெரு என்று வரிசையாகக் கேட்டார்கள். எல்லாம் சொன்னாள். கடைசியாக, இந்த ஊராட்சியின் குப்பைப் பை என்ன நிறம் என்றார்கள். பதினான்கு ஆண்டுகளாக வாரம் ஒருமுறை அதைத் தெருமுனைக்குத் தூக்கிக்கொண்டு போவது அவள் வேலை. நிறத்தைச் சொல்லிவிட்டு, முப்பத்தைந்து லிட்டர் பையின் விலையையும் அவர்கள் கேட்காமலேயே சொல்லியிருக்கிறாள்.